பேசினால் பெட்ரோல் குறையும் விமானம்

ஆகாயத்துக்குக் கீழே இருக்கிற எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் காட்டு அண்ணாச்சிதான். ஆகாயத்தையும் அவர் அவ்வளவாக நம்பியதில்லை.

ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையையும் காற்றாலையையும் தவிர வேறெதுவும் உயரமாக வளராத பொட்டலில், ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. மூன்று குட்டி விமானங்கள், ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஓடுபாதை, அது தங்கள் பாட்டன் சொத்து என்பதுபோல் நடுவில் உலாவும் மயில்கள். அந்த விமானங்களுக்கு வயரிங் வேலை பார்த்தவர் அண்ணாச்சி. பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகும், "இது பறக்கும்னு சொல்லுதாவ" என்றுதான் சொல்வார். மூன்றில் ஒன்றில்கூட அவர் ஏறிப் பறந்ததில்லை.

பெயரைக் கேட்டதும் காரையாறு பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவர் என்று நினைத்தேன். அங்கே விமானம் ஓட்டப் படித்த என் மகள் கோமதி சிரித்தாள். "எம்மா, அது காடு இல்ல. யார் போய் எது பழுதுன்னு சொன்னாலும் 'காட்டு'ம்பாவ. அதான் பேரு."

உண்மைதான். விளக்கு எரியவில்லை என்றால் "காட்டு." ரேடியோ இரைகிறது என்றால் "காட்டு." பழுதைத் தன் கண்ணால் பார்க்கும்வரை திருப்புளியைக் கையில் எடுக்கமாட்டார். அவர் மனைவி ஒரு நாள் மிக்ஸி ஓடவில்லை என்று போன் செய்திருக்கிறார். "கொண்டுவந்து காட்டு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா மிக்ஸியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். கொட்டகையில் வைத்துச் சுற்றவிட்டால் ஜம்மென்று சுற்றுகிறது. "வீட்டுல கரண்ட் இருந்துச்சாட்டி?" என்று கேட்டார் அண்ணாச்சி. இல்லை. அந்த அம்மா அதன் பிறகு ஒரு வாரம் அம்மியில் அரைத்த துவையலை மட்டுமே அவருக்குக் கொடுத்தனுப்பியதாகக் கேள்வி. அவரோ துவையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மிக்ஸியைத் திருப்பித் தரவேயில்லை.

விமானத்துக்கு வருமுன் காற்றாலைகளில் எலக்ட்ரீசியன். அதற்கும் முன் வள்ளியூரில் பஸ், லாரிகளுக்கு வயரிங். லைசென்ஸ் வைத்திருந்த இன்ஜினியர் வாரம் இரண்டு முறை மதுரையிலிருந்து வருவார். கையெழுத்து இன்ஜினியருடையது, கை அண்ணாச்சியுடையது.

அந்தக் கொட்டகையில் கல்குவாரி முதலாளி ஒருவரின் சொந்த விமானமும் நின்றது. திங்கள்கிழமைதோறும் அதன் பேட்டரி செத்துக் கிடக்கும். இன்ஜினியர் இரண்டு முறை பேட்டரியை மாற்றினார். ஆல்டர்னேட்டரை மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி எதையும் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டூலைப் போட்டு, இறக்கைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு முதலாளியின் டிரைவர் வந்தார். ஐம்பது வயது மனிதர். விமானத்துக்குள் ஏறி, போனைச் சார்ஜரில் சொருகி, சீட்டைச் சாய்த்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். அண்ணாச்சி ஜன்னலைத் தட்டினார்.

"வே, எந்தி. ரெண்டு பேட்டரியத் தின்னிருக்கீரு. பசி அடங்கிட்டா?"

இப்படிப்பட்டவரிடம்தான் நான் முதல் நாள் போய் ஒரு தாய் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்வியைக் கேட்டேன். "அண்ணாச்சி, இந்த விமானம் பத்திரமானதுதானே?"

"இல்ல."

நான் பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பத்திரமான விமானம்னு ஒண்ணு கெடையாது டீச்சர். இன்னைக்குப் பாத்த விமானம், இன்னைக்குப் பாக்காத விமானம். ரெண்டே ஜாதிதான். இத இன்னைக்குப் பாத்தாச்சி. டின்ன விட்டு எந்திங்க, உள்ள ஆசிட் இருக்கு."

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பயம் எனக்குப் பிறவிக் குணம். கோமதி சைக்கிள் ஓட்டிய காலத்தில் பின்னாலேயே ஓடி இரண்டு செருப்பைத் தொலைத்தவள். ஆனால் அவள் விமானம் ஓட்டப்போகிறேன் என்றபோது, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்கக் கேட்க, எனக்குள் இருந்த பயத்தைவிடப் பிடிவாதம் பெரிதாகிவிட்டது. "பறக்கத்தான் போறா" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டு உள்ளே போய் நடுங்கினேன். என் வீட்டுக்காரர் பயிற்சிப் பள்ளிப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான்தான் லீவு கிடைத்தபோதெல்லாம் வள்ளியூர் பஸ் ஏறினேன்.

அந்த வருடம் ஐப்பசி மழையெல்லாம் பெய்து ஓய்ந்த சமயத்தில், கோமதிக்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. அவளுக்கு அல்ல, அவள் ஓட்டும் விமானத்துக்கு. மேலே பறக்கும்போது, தரையோடு பேச அவள் ரேடியோ பட்டனை அழுத்தினால் பெட்ரோல் முள் சரசரவென்று கீழே இறங்கும். பட்டனை விட்டால் மேலே ஏறும். சில சமயம் ரேடியோவும் இரண்டு மூன்று விநாடி ஊமையாகிவிடும்.

"பேசினா பெட்ரோல் குறையுதா?" என்றார் பள்ளியை நடத்திய கேப்டன். அவர் சென்னைக்காரர், விமானப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர். "அப்ப கொஞ்சம் கம்மியா பேசும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

கேப்டன் அந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மற்ற மாணவர்கள் ஓட்டினார்கள். ஒன்றுமில்லை. இன்ஜினியர் ரேடியோவைக் கழற்றிச் சோதித்தார், பேட்டரியைச் சோதித்தார், ஆல்டர்னேட்டரைச் சோதித்தார். பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது, பழுது காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"காணலன்னா இல்லன்னு அர்த்தமா?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். "எங்க வீட்டுச் சாவியத்தான் அன்னாடம் காணல. சாவியே இல்லன்னு எழுதிரவா?"

ஆனால் கோமதிக்கு மட்டும் அது நடந்துகொண்டே இருந்தது. அதனால் மெல்ல மெல்ல, பழுது விமானத்தில் இல்லை என்று ஆயிற்று. கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு நெர்வஸா இருக்கா. நாளைக்கு அவளோட நீண்ட சோலோ. தாமிரபரணி வரைக்கும் போய், ஆத்தோரமா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பார்த்துட்டுத் திரும்பணும். தனியா. இவ பேட்ச்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க. நாளைக்கும் முள்ளு ஆடுது, முருங்கைக்காய் ஆடுதுன்னு சொன்னா, தகுதி இல்லைன்னு எழுத வேண்டியிருக்கும்."

அன்று மாலை கோமதியிடம் நான் சொன்னதை இன்று நினைத்தாலும் நாக்கு கசக்கிறது. "ஒருவேள உனக்கே அப்படித் தோணுதோ என்னமோ? தைரியமாப் போயிட்டு வாட்டி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீயுமாம்மா?" என்று கேட்டுவிட்டு நேரே அண்ணாச்சியிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, நீங்களாவது நான் சொல்றத நம்புதீயளா?"

"நம்பல."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"உன்னைய நம்பல பாப்பா. அந்த இன்ஜினியரையும் நம்பல. கேப்டனையும் நம்பல. எல்லாரையும் சரிக்குச் சரியா நம்பல. பயந்த பிள்ளைக்குக் கை நடுங்கும், ஒத்துக்கிடுதேன். முள்ளுக்கு என்னத்துக்கு நடுங்குது? ஓட்டுதது ஆம்பளையா பொம்பளையான்னு அதுக்கு என்ன தெரியும்? நீ காட்டு. நான் பாக்குதேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விமானத்தை வெளியே நிறுத்தினார்கள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். கோமதி இடதுபக்க சீட்டில் ஏறினாள். வலதுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அண்ணாச்சி ஏறினார். கையில் தூக்குவாளி, கருப்பட்டிக் காப்பி ஃபிளாஸ்க், பனையோலை விசிறி. உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"இறங்குங்க அண்ணாச்சி" என்றார் கேப்டன். "இது சோலோ."

"சோலோன்னா?"

"தனியா போறது."

"நான் இங்கன இருக்கேம்லா. அப்ப இது சோலோ இல்ல. நான் இறங்குனாத்தான சோலோ? பழுதப் பாக்காம நான் இறங்குததா இல்ல."

"இன்ஜினியர் கையெழுத்து போட்டாச்சு!"

"போட்டாரு. அவரு மதுரையில இருக்காரு. பிள்ள மேல போவப்போவுது."

கேப்டன் மிரட்டினார். வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். "எடுங்க. எடுத்த பெறவு நான் உங்க ஆளு இல்ல, அப்ப இறங்குன்னு என்கிட்டச் சொல்லவும் முடியாது பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தார். கேப்டன் கெஞ்சினார். அண்ணாச்சி விசிறிக்கொண்டார். பத்தரை ஆயிற்று. வெயில் ஏற ஏற அந்தச் சிறு கண்ணாடிக் கூண்டு இட்லிக் கொப்பரைபோல் ஆகியிருக்க வேண்டும். உள்ளிருந்து தூக்குவாளி திறக்கும் சத்தம் கேட்டது. கோமதிக்கும் ஒரு தோசை கொடுத்தார்.

பதினோரு மணிக்குக் கேப்டன் இறங்கி வந்தார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னார். கோமதி ஓட்டினாள். பட்டனை அழுத்தினாள். முள் ஆடவில்லை. பத்துத் தடவை அழுத்தினாள். முள் ஆணியடித்ததுபோல் நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் கேப்டன், இன்ஜின் நின்றதும்.

கோமதியின் கண் நிறைந்துவிட்டது. அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, மேல போம்போதும் இப்படித்தான் கால ரெண்டும் சோடியா வச்சிக்கிட்டு, போட்டோவுக்கு உக்காந்த மாரி இருப்பியா?"

"இல்ல அண்ணாச்சி. இங்கன இந்தப் பொட்டல் காத்து ஒரு பக்கமாத் தள்ளும்லா. இடது பெடலை அழுத்திக்கிட்டேதான் பேசணும்."

"அப்ப எனக்கு எதுக்குப் போட்டோவக் காட்டுத? மேல இருக்க மாரி இரி."

மறுபடி இன்ஜின் ஓடியது. கோமதி இடது பெடலை முழுக்க அழுத்தினாள். வலது முழங்கால் மேலே தூக்கிக்கொண்டது. அவள் அப்பா வீட்டு வாகில் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை, கால் கொக்குக் கால். கேப்டனுக்கோ மற்ற மாணவர்களுக்கோ எட்டாத உயரத்துக்கு அந்த முழங்கால் எட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய வயர்க் கற்றையை முட்டியது. அப்படியே பட்டனை அழுத்தினாள்.

வெளியே நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. அண்ணாச்சி தலையை நீட்டினார்.

"கேப்டன், டேங்க் காலி. பிள்ள பேசி முடிச்சிட்டு. வந்து பாத்துக்கிடுங்க."

கேப்டன் ஏறிப் பார்த்தார். முழங்கால் மேலே போனால் முள் கீழே போகிறது. ஐந்து தடவை பார்த்துவிட்டு இறங்கி, சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. என் பிள்ளை பொய் சொல்லவில்லை. பயப்படவில்லை. தென்காசியிலிருந்து கன்னியாகுமரி வரை இருக்கிற எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அந்த நிமிடமே போன் செய்யலாமா என்று இருந்தது. அண்ணாச்சி பேட்டரித் தொடர்பைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வேட்டி கட்டிய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எர்த்து போல்ட்டுதான்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "எல்லாக் கறுப்பு வயரும் வந்து கூடுத எடம். எல்லாம் ஒரே போல்ட்டுல... இது என்னது?"

நான் என் விரல்களைப் பார்த்தேன்.

எல்லா வயரும் வந்து கூடுகிற இடம். அந்த இடம் எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று கேப்டன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் வைக்கக் கூடாது. ஆனால் நானோ முந்தின நாள்தான் திருச்செந்தூர் போய், கடலில் குளித்து, முருகனிடம் மகளை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். மூக்கில் வைக்கிற பொட்டு காற்றில் உதிர்ந்துவிடாதா? மகள் உட்காரும் சீட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே குனிந்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு வயர்கள் எல்லாம் ஒரு போல்ட்டில் வந்து ஒடுங்குவது தெரிந்தது. கர்ப்பக்கிரகம் மாதிரி இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தையும், குங்குமத்தையும், இலை விபூதியையும் மூன்று விரலால் அள்ளி அங்கே நன்றாக அப்பினேன். ஒரு பொட்டு அல்ல. காப்பு.

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மின்தடை சொல்லித் தருகிறவள் நான்.

அண்ணாச்சி வெளியே வந்தார். உள்ளங்கையில் எதையோ வைத்துப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்த பொடியும், மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த பொருக்கும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்தார்.

"என்ன அது? காட்டுங்க" என்றார் கேப்டன்.

அண்ணாச்சி கையை மூடிக்கொண்டார். "காட்ட முடியாது. அலுமினியத்துல பூத்த துரு. அம்புட்டுதான்."

அந்த மூடிய கை எனக்காக மூடியது என்று தெரிந்தபோது, கால் தானாக முன்னால் போயிற்று. பயத்தில் செய்ததை இன்னும் பயத்தில் மறைக்கவா? "சந்தனம், கேப்டன்" என்றேன். "நான்தான் வச்சேன். ஆயுத பூஜையன்னைக்கு."

கோமதி விமானத்திலிருந்து இறங்கி வந்து என் எதிரே நின்றாள். "எம்மா..." என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

அண்ணாச்சிக்கு வந்தது. "சந்தனத்துல ஈரம். குங்குமத்துல சுண்ணாம்பு. ஐப்பசி மழையும் சேந்து அரிச்சி, போல்ட்டு பிடி விட்டிருக்கு. பிள்ள முட்டி இடிச்சி வயரு அசையும்போது ரேடியோவும் கரண்ட இழுத்தா, முள்ளு விழத்தான் செய்யும். டீச்சர், நீங்க ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கீய?"

"...பிசிக்ஸ்."

"நல்லவேள. கெமிஸ்ட்ரின்னு சொல்லுவியளோன்னு பயந்துட்டேன்."

கேப்டன் வெடித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், வெடிக்க வேண்டிய விஷயம்தான். "உங்க பொண்ணைக் கூட்டிட்டு இப்பவே கிளம்புங்க! டிசிய அனுப்பி வைக்கிறேன்!"

"பிள்ளைய எதுக்கு அனுப்பணும்?" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தவில்லை. திருப்புளியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரு மாசமாப் பழுது இருக்கு, பழுது இருக்குன்னு தொண்ட கிழிய சொன்ன ஒரே ஆளு அதுதான். பழுது இல்லன்னு சொன்னவங்கள மொதல்ல அனுப்புங்க. வரிசையா நிக்கச் சொல்லுங்க. நீங்க, இன்ஜினியரு, இந்த டீச்சரு. கடைசில நான் நிக்கேன். எனக்கும் ஒரு மாசம் ஆச்சில்லா, காலப் பாக்க."

கேப்டன் அறைக்குள் போய், மதுரைக்குப் போன் போட்டார்.

இரண்டு நாள் விமானம் வெளியே வரவில்லை. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது முனைகள் போட்டு, வயர்க் கற்றையை முழங்கால் எட்டாத இடத்தில் தூக்கிக் கட்டினார் அண்ணாச்சி. இன்ஜினியர் வந்து, இம்முறை கோமதியை உட்காரவைத்து, அவள் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் சந்தனம், குங்குமம், விபூதி மூன்றையும் எழுதவைத்தேன். நாளைக்கு வேறொரு தாய் குனியக் கூடாது பாருங்கள்.

எனக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. கொட்டகைக்கு முப்பதடி முன்னால் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'டீச்சர் எல்லை' என்று எழுதிவைத்தார் அண்ணாச்சி. நான் அதைத் தாண்டக் கூடாது. நெற்றியில் விபூதியோடு வந்தாலும் தாண்டக் கூடாது.

மூன்றாம் நாள் காலை கோமதி தனியாகப் போனாள். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். விமானம் காற்றாலைகளைத் தாண்டி வடக்கே ஒரு புள்ளியாகி, அதுவும் இல்லாமல் ஆயிற்று. யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வானம் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. அண்ணாச்சி வேலையைப் போட்டுவிட்டு வந்து, கோட்டைத் தாண்டி, என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

சற்றுத் தள்ளி நின்ற கேப்டன் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. அவ்வளவுதான், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடினேன். எந்தச் செய்தியும் எனக்கு வேண்டாம்.

கண்ணைத் திறந்தபோது கேப்டன் ரேடியோவைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்து, "கேப்டன், எனக்குச் சரியாக் கேக்கல. பிள்ளைய இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்றார்.

"நல்லா தெளிவாத்தானே இருந்துச்சு?"

"கேக்கலங்கேம்லா."

கேப்டன் ரேடியோவில் மறுபடி சொல்லச் சொன்னார். என் கைகள் கீழே வந்திருந்தன. ஆற்றுக்கு மேலிருந்து, ஒரு பிசிறுகூட இல்லாமல், என் மகளின் குரல் வந்தது. அணைக்கட்டைப் பார்த்துவிட்டேன், திரும்பி வருகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது.

அண்ணாச்சி பைய என் பக்கம் குனிந்தார்.

"இப்பக் கேட்டுச்சா டீச்சர்?"